ஐப்பசி மாதத்தில் கொல்லையைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை தொடங்கும் நாட்களில் சென்னை போன்ற ஊர்களில் சில வீடுகளுக்கு எதிர்பாராத ஒரு விருந்தாளி வந்து சேர்வதுண்டு. மாடிப்படி மூலையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ, பச்சை முதுகும் நீலத் தோளும் வயிற்றடியில் சிவப்புமாக, வால் இருக்கிறதா என்று கேட்கும்படியான குட்டைப் பறவை ஒன்று சோர்ந்து உட்கார்ந்திருக்கும். யாரோ கூண்டில் வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் நெடுந்தூரம் பறப்பதால் களைத்துப்போய் ஊருக்குள் இறங்கிவிடும்.

அப்படி வந்ததைக் கண்டால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் சில மணி நேரம் சத்தமில்லாத இடத்தில் வைத்திருந்து, தெம்பு வந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிட வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் புகட்டக் கூடாது. வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

அபூர்வமான பறவையைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தினமும் கொல்லைக்கு வரும் பறவைகளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தால் போதும். புதிதாக வந்தது எது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

உள்ளூர்க்காரர்களில் காகமும் மைனாவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஏழெட்டாகக் கூடித் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் கத்தும் மண்ணிறப் பறவைகள் தவிட்டுக்குருவிகள். தலையில் சிறு கொண்டையும் வாலடியில் சிவப்பும் இருந்தால் கொண்டைக்குருவி. உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரலில் கத்தும் சிட்டு, இலை விளிம்பில் துளையிட்டுச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் தேன் குடிப்பது தேன்சிட்டு. வெயில் ஏறிய பகலில், கன்னான் செம்பு தட்டுவதைப் போல ஒரே சீராக ஒலி எழுப்புவது குக்குறுவான். குயில் கூவாத மாதங்களில் ஊரைவிட்டுப் போய்விட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது எங்கும் போவதில்லை. கூவாமல் மரத்தில் அமர்ந்து பழம் தின்றுகொண்டிருக்கும். ஆண் கறுப்பு, பெண் புள்ளி போட்ட பழுப்பு என்பதால், இரண்டையும் வேறு வேறு பறவை என்று எண்ணுபவர்களும் உண்டு.

இவற்றோடு ஆவணி, புரட்டாசி முதல் வந்தேறிகள் சேர்ந்துகொள்கின்றன. வட ஆசியாவில் பனி கொட்டத் தொடங்கினால் பூச்சிகள் மறைந்துவிடும், நீர்நிலைகள் உறையும். பூச்சியை நம்பி வாழும் பறவை அங்கே பிழைக்க முடியாது. அதே நேரத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை புல்லையும் புதரையும் தழைக்க வைக்கிறது, பூச்சிகளும் பெருகுகின்றன. குளிருக்குப் பயந்து வருவதைவிட, சாப்பாட்டைத் தேடி வருகின்றன என்பதே சரி.

வீட்டு வேலிப் புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று மட்டும் குரல் வந்து, ஆளைக் காட்டாமல் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவுக்கும் நடு ஆசியாவுக்கும் இடையே இனப்பெருக்கம் செய்யும் அது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுதான். காய்ந்த கிளை நுனியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வருகிறது. சோளக்கொல்லைகளிலும் இலந்தைப் புதர்களிலும் கூட்டமாக இறங்கும் ரோஜா நிறச் சோளக்குருவிகளின் தாய்வீடு நடு ஆசியப் புல்வெளி. மஞ்சள் அடிவயிறும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் வாலாட்டி இன்னும் வியப்பானது. நெடுந்தூரம் கடந்து வந்தாலும், ஆண்டுதோறும் நகரத்தின் அதே சின்னத் தோட்டத்துக்கே அது திரும்பி வருவதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அபூர்வங்களைத் தேடுபவர்களுக்கு இலங்கை மலையகத்தில் உள்ள நுவரெலியா நகரத்தின் விக்டோரியா பூங்கா பெயர்பெற்ற இடம். காதலர்களும் குழந்தைகளும் உலாவும் ஊர்ப் பூங்காதான் அது. ஆனால் குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியோடு, காஷ்மீர் பகுதியில் மட்டும் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே தென்படும். ஆணின் செம்மஞ்சள் மார்பைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு இருக்கும். எண்ணிக்கை குறைந்து ஆபத்தில் இருக்கும் இந்தப் பறவை நீலகிரியிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இன்னொரு வகை அபூர்வமும் உண்டு. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், பெரும்பாலும் நடுக்கடலிலேயே வாழும் சில ஆலா இனக் கடற்பறவைகள் காற்றில் தள்ளப்பட்டு நிலப்பகுதிக்கு வந்து விழுவதுண்டு.

இனி, அடையாளம் காண்பது எப்படி? நிறத்தை முதலில் நம்பக் கூடாது. வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது அலகு. தடித்த கூம்பு அலகு விதை தின்பதற்கு, மெல்லிய ஊசி அலகு பூச்சி பொறுக்குவதற்கு, வளைந்த நீள அலகு தேன் குடிப்பதற்கு, நுனி கொக்கியாக வளைந்தது இரையைக் கிழிப்பதற்கு. பிறகு நடத்தை: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா, பறந்துபோய் அதே கிளைக்கே திரும்பி வருகிறதா? கடைசியாக மாதம். சித்திரை வெயிலில் வந்தேறி ஒன்றைக் கண்டதாகத் தோன்றினால் இரண்டாம் முறை பார்ப்பது நல்லது.

பைனாகுலர் வாங்குவோருக்கு 8x42 என்ற அளவு பொருத்தமானது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். அதனால் தொடங்குபவர்களுக்கு 12 மடங்கு, 20 மடங்கு எல்லாம் வீண் செலவு.

பறவைகளை வரவழைக்கத் தானியத்தைவிடத் தண்ணீர் நன்றாக உதவும். வாயகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் நிழலில் ஊற்றி, தினமும் கழுவி மாற்றினால் கொசுவும் சேராது, நோயும் பரவாது. ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விட்டுவைத்தால், அதைக் கிளறித் தின்ன ஆறுமணிக்குருவியே வரக்கூடும். குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பதும், கூட்டின் அருகே போய்ப் படமெடுப்பதும் கூடாது.

பார்த்ததை எழுதி வைப்பதற்கும் பயன் உண்டு. 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பகுதி விஞ்ஞானிகள் அல்லாதவர்கள் எழுதியது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. அதில் கலந்துகொள்ள 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று கண்டதை எண்ணினாலே போதும். வரும் பொங்கலன்று பானை பொங்கும் முன் மொட்டை மாடிக்குப் போய் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.