மூடியின் கீழ் ஓடும் கயிறுகள்

பாய்மரப் படகு ஒன்றைக் கரையிலிருந்து காண்பவர் கண்ணுக்குக் காற்றில் புடைத்த பாயும் அதைத் தாங்கி நிமிர்ந்த மரமுமே பிரதானமாகத் தோன்றும். ஆயினும் பாயை ஏற்றுதல், இறக்குதல், காற்றின் திசைக்கேற்பத் திருப்புதல், புயல் அணுகும்போது அதன் பரப்பைச் சுருக்குதல் ஆகிய சகல காரியங்களையும் நடத்துபவை கயிறுகளே. பாயை மரத்தின் உச்சிக்கு ஏற்றும் ஆஞ்சானும், பாயின் முனையை இழுத்துக் காற்றுக்குப் பொருத்தும் தாமானும், பாயைச் சுருக்கும் கயிறுகளும் சீராக ஓடும் வரையில்தான் படகு மாலுமியின் ஆணைக்குள் இருக்கும். அவற்றுள் ஒன்று சிக்கிக்கொண்டாலும், ஏற்றிய பாயை இறக்க வழியின்றிப் பெருங்காற்றின் முன் நிராதரவாக நிற்க நேரும். இத்துணை முக்கியத்துவம் வாய்ந்த கயிறுகளை, பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் கட்டப்படும் இன்றைய பயணப் படகுகள் பலவற்றில், மேல்தளத்தில் பொருத்திய ஒரு மூடியின் கீழே மறைத்து ஓடவிடுகிறார்கள். அந்த மூடியை ஏன் வைத்தார்கள், அதன் கீழ் என்ன நிகழ்கிறது, அதை எவ்வாறு கழற்ற வேண்டும் என்பவற்றை ஆராய்ந்தால், விசையியலும் ரசாயனமும் ஒரு முழ அகலமுள்ள இடத்தில் ஒன்றுகூடித் தொழிற்படுவதைக் காணலாம்.

பழைய படகுகளில் ஆஞ்சான்கள் யாவும் மரத்தடியிலேயே கட்டப்பட்டிருந்தன. பாயைச் சுருக்க வேண்டுமானால் மாலுமி சுக்கானை விட்டுவிட்டு, அலை ஏறி இறங்கும் ஈரத் தளத்தின் மீது முன்னோக்கிச் சென்று, ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் வேலை செய்ய வேண்டும். பாயைச் சுருக்கும் அவசியம் எப்போது நேர்கிறதோ, அப்போதுதான் தளத்தில் நடப்பதும் மிக அபாயகரமாக இருக்கும். இதற்கு ஒரு பரிகாரத்தைத் தம் சொந்தப் படகிலேயே செய்து காட்டியவர் பிரிட்டிஷ் கடற்படையின் மரைன் பிரிவு அதிகாரியான லெப்டினன்ட் கர்னல் ஹாஸ்லர். சீனப் பாய்மரக் கலங்களில் உள்ளதைப் போன்ற மடிப்புப் பாய் ஒன்றைத் தம்முடைய சிறு படகான 'ஜெஸ்ட'ருக்கு அமைத்து, கயிறுகள் அனைத்தையும் படகின் நடுவிலுள்ள ஒரு திறப்புக்குக் கொண்டுவந்து, அங்கே நின்றபடியே சகலத்தையும் இயக்கினார். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து நியூயார்க் வரை, படகுக்கு ஒருவராக அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் பந்தயத்தில், பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாட்களில் முதலாவதாக வந்து சேர, ஹாஸ்லர் இந்தப் படகிலேயே 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். ஒருவரோ இருவரோ மட்டும் செல்லும் படகுக்குக் கயிறுகள் மனிதன் இருக்கும் இடத்துக்கு வர வேண்டுமேயன்றி, மனிதன் கயிறுகள் இருக்கும் இடத்துக்குப் போகலாகாது என்னும் தத்துவம் நாளடைவில் உலகெங்கும் வேரூன்றியது.

அதன் பயனாக, ஆஞ்சான் மரத்தின் உள்ளே இறங்கி, மரத்தடிக் கப்பியில் திரும்பி, படகறையின் கூரைமீது பக்கவாட்டில் அமைந்த மற்றொரு கப்பி வரிசையில் வளைந்து, பின்னோக்கி ஓடி, கிளட்ச் எனப்படும் பிடிப்பானைக் கடந்து, வின்ச் என்னும் கயிறு இழுக்கும் உருளையில் சுற்றப்பட்டு, சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டுகிறது. எட்டுப் பத்துக் கயிறுகள் இவ்வாறு கூரைமீது ஓடினால் நடப்பவரின் கால் தடுக்கும்; உருண்டையான கயிற்றின்மீது மிதித்தவர் வழுக்கி விழுவதும் உண்டு. ஆகவே கூரையில் ஒரு பள்ளமான ஓடையை அமைத்து, அதன்மேல் பைபர் கிளாஸ் மூடி ஒன்றைத் திருகாணிகளால் பொருத்தினார்கள். தளம் சமமாயிற்று, கண்ணுக்கும் அழகாயிற்று. கயிறுகளுக்கும் இதில் ஓர் உண்மையான நன்மை உண்டு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் செயற்கை இழைகளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும் இயல்புடையவை. பாலியெஸ்டர் இதை ஓரளவு தாங்கும், அராமிட் இழைகளோ வெயிலில் விரைவாகவே வலுவிழக்கும். மூடியின் நிழல் அந்தச் சேதத்தைத் தடுக்கிறது.

ஆனால் நிழல் தரும் மூடி ஈரத்தையும் காக்கிறது. கடல் நீர் ஓடையின் முன்வாயில் வழியாக உள்ளே புகுந்து, பின்வாயில் வழியாக வடிந்து, வழியெங்கும் உப்பை விட்டுச் செல்கிறது. திறந்த தளத்தில் படிந்த உப்பை ஒரு மழை கழுவிவிடும்; மூடியின் கீழே மழை எட்டுவதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியவுடன் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீஷியம் குளோரைடோ அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும். ஆதலால் கடல் அமைதியாக இருக்கும் நாட்களிலும் அந்த ஓடை இரவில் நனைந்து பகலில் காய்ந்து, ஒவ்வொரு முறையும் கூரிய உப்புப் படிகங்களைக் கயிற்றின் இழைகளுக்கு நடுவிலும் கப்பியின் அச்சிலும் புதிதாக விளைவித்துக்கொண்டே இருக்கிறது. துறைமுகத்துத் தூசியும், கயிற்றிலிருந்து உதிரும் நுண்ணிழைகளும் அதனோடு சேர்ந்து பசையாகி, கப்பிச் சக்கரத்தின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் கட்டிப்போடுகின்றன.

சக்கரம் சுழலாமற் போவதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆஞ்சானில் 500 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை இருப்பதாகவும், முதலில் உராய்வே இல்லையென்றும் கொள்வோம். மர உச்சியில் மேலேறி வந்த கயிறு 180 பாகை திரும்பிக் கீழே செல்வதால், அங்குள்ள கப்பி தாங்கும் பாரம் 1000 கிலோ. மரத்தடியில் 90 பாகை திரும்பும் இடத்தில் அது ஏறத்தாழ 707 கிலோ. மூடியின் கீழே 30 பாகை மட்டும் வளையும் கப்பியில் ஏறத்தாழ 259 கிலோ. கயிறு எவ்வளவு கூர்மையாக வளைகிறதோ, அவ்வளவுக்குக் கப்பியும் அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆணிகளும் துன்புறுகின்றன. இனி உராய்வைச் சேர்த்துப் பார்ப்போம். வழியிலுள்ள மூன்று கப்பிகளும் தலைக்கு ஐந்து சதவீத விசையை விழுங்கினால், நாம் இழுக்கும் விசையில் நூற்றுக்கு 86 பங்கு பாய்க்குச் சேரும். உப்பேறிய கப்பிகள் தலைக்குப் பதினைந்து சதவீதத்தை விழுங்கினால் 61 பங்கே சேரும். சக்கரம் முற்றிலும் இறுகிவிட்டால் கயிறு அதன்மேல் உரசிக்கொண்டு வழுக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விதிப்படி, உராய்வுக் கெழு 0.2 ஆக இருக்குமிடத்து, 90 பாகை வளைவு ஒன்றில் மட்டும் 100 கிலோவைப் பெற 137 கிலோ இழுக்க வேண்டும். வின்ச்சின் உதவியால் பாயை எப்படியேனும் ஏற்றிவிடலாம். ஆனால் இறக்கும்போது கயிற்றை இழுப்பது பாயின் சொந்த எடை ஒன்றே, அந்தச் சிறு விசையை உராய்வும் பசையும் சேர்ந்து விழுங்கிவிட்டால் பாய் பாதி மரத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே ஒரு கயிறு மற்றவற்றைவிடக் கனமாக ஓடத் தொடங்கியவுடனேயே மூடியைத் திறக்க முற்பட வேண்டும். அதற்கு முன்பு, படகைத் துறையில் கட்டி, பாய்களை இறக்கி, சகல கயிறுகளையும் தளர்த்திவிடுவது முதல் நியதி. பாரம் ஏறிய கயிற்றின்மீதுள்ள மூடியை எடுப்பதும், அந்தக் கயிற்றருகே கையை நீட்டுவதும் விபரீதத்தில் முடியும்.

மூடியைக் கழற்றுவதில் உள்ள கஷ்டமெல்லாம் திருகாணிகளில்தான் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்லும் எவர்சில்வர், தன்னிலுள்ள குரோமியத்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவாலும் உண்டாகும் ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தாலேயே காக்கப்படுகிறது. கீறல் விழுந்தாலும் பிராணவாயு கிட்டும் வரையில் அப்படலம் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் ஆணியின் கழுத்தைச் சூழ்ந்த இடுக்கில் தேங்கி நிற்கும் உப்புநீரில் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. குளோரைடு அங்கே திரள்கிறது. நீர் அமிலத்தன்மை அடைகிறது. படலம் அழிந்து, தலை பளபளப்பாகவே இருக்க, உள்ளே கழுத்து அரிக்கப்படுகிறது. அந்த ஆணி அலுமினியத் தகட்டில் பதிந்திருந்தாலோ வேறொரு தொல்லை. இருவேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகி, அலுமினியம் கரைந்து வெண்பொடியாகிறது. அந்தப் பொடி முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு இடையில் ஆப்புபோல் இறுகி ஆணியை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இத்தகைய ஆணியிடம் பலத்தைக் காட்டினால் தலை தேய்ந்து போகும், அல்லது கழுத்து முறிந்து போகும். தலையின் பள்ளத்திலுள்ள உப்பையும் அழுக்கையும் ஊசியால் சுரண்டி எடுத்து, அதற்கு மிகச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைத் தேர்ந்து, ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் திருப்புளியை ஆணியின்மேல் நேராக நிறுத்தி, அதன் பிடியில் சுத்தியலால் சில தடவை தட்டினால் வெண்பொடியின் பிடி தளரும். பின்பு முதலில் சிறிது இறுக்கும் திசையில் அசைத்து, அப்புறம் கழற்றும் திசையில் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல வெளிக்கொணர வேண்டும். எவர்சில்வர் மரையில் எவர்சில்வர் ஆணி உலர்ந்த நிலையில் வேகமாகச் சுழன்றால், படலங்கள் கிழிந்து இரு உலோகங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆதலால், இயந்திரத் திருப்புளியின் வேகம் இங்கே உதவாது.

ஆணிகள் யாவும் வந்த பிறகும் மூடி எழாமலிருந்தால், அடியில் பூசிய ஒட்டுப்பசை பிடித்திருக்கிறது என்று அறிய வேண்டும். பாலியூரிதேன் பசையாயின் அதன் பிடிப்பு பைபர் கிளாஸின் மேற்பூச்சையே பெயர்த்தெடுக்கும் வலிமையுள்ளது. ஓர் ஓரத்தை மட்டும் நெம்பினால் மூடி பிளந்துவிடும். வெப்பக் காற்றூதியால் மிதமாகச் சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டாலோ கம்பியாலோ சுற்றிலும் அறுத்து, பிளாஸ்டிக் ஆப்புகளை நாற்புறமும் சமமாகச் செருகி எழுப்புவதே முறை. ஆனால் அதற்குக் கீழே மறைந்திருப்பவை டைனீமா என்னும் பாலிஎதிலீன் இழைக் கயிறுகளாக இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. எஃகுக்கு நிகரான வலிமையுடைய அந்த இழை 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கத் தொடங்கும். கையால் தொட்டுப் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஏற்றாதிருப்பது விவேகம்.

மூடி எழுந்தவுடன் எதையும் தொடாமல், எந்தக் கயிறு எந்தக் கப்பி வழியாகச் செல்கிறது என்பதைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பசைபோன்ற மசகு மண்ணையும் தூசியையும் சேர்க்குமாதலால் பிளாஸ்டிக் சக்கரங்களுக்கு அது ஆகாது. கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலிடுக்கில் ஓட்டினால், தட்டையான இடமும், உரசலின் சூட்டில் கண்ணாடிபோல் இறுகிய இடமும், மேலுறை பிரிந்து உள்ளிழை தெரியும் இடமும் தாமே அகப்படும். அத்தகைய கயிற்றை மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் உபாயம் நம் வீடுகளில் பாவாடைக்கு நாடா கோப்பதை ஒத்ததே. பழைய கயிற்றை வெறுமனே உருவிவிட்டால், மரத்தின் உள்ளே அதன் வழி தொலைந்துபோகும். ஆகவே பழைய கயிற்றின் முனையையும் புதிய கயிற்றின் முனையையும் நேருக்கு நேர் வைத்து, மெழுகிட்ட நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பல தையல் இட்டு, இணைப்பின் மேல் மெல்லிய நாடாவைச் சுற்றி, கயிற்றின் பருமனுக்கு மேல் எதுவும் புடைக்காதபடி செய்துகொள்ள வேண்டும். முடிச்சுப் போட்டால் கப்பியின் வாயில் சிக்கும். ஒருவர் பழையதை மெல்ல இழுக்க, மற்றவர் புதியதை முறுக்கின்றி ஊட்டிக்கொண்டே வந்தால், ஆஞ்சான் உச்சிவரை ஏறி மறுபுறம் இறங்கிவிடும்.

திரும்ப மூடும் போதுதான் எதிர்காலத்தின் சௌகரியம் நிர்ணயிக்கப்படுகிறது. பல படகுகளின் தளம் இரண்டு பைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்யப்படுகிறது. ஆணித் துளை வழியே நீர் புகுந்தால் அந்த மரம் அழுகும், தளம் மிதிக்க மிதிக்க நெகிழும். ஆதலால் துளைகளைச் சற்றே பெரிதாக்கி, எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டால் ஆணி மரத்தைத் தீண்டாது. அலுமினியத்தில் இறங்கும் ஆணிகளுக்கு இருவேறு உலோகங்களையும் பிரித்துவைக்கும் காப்புப் பசையைத் தடவ வேண்டும். மூடிக்கு அடியில் நிரந்தரமாக ஒட்டும் பாலியூரிதேனை விடுத்து, என்றும் இளகிய நிலையிலேயே இருந்து நீரைத் தடுக்கும் பியூட்டைல் பட்டையை வைத்தால், அடுத்த முறை எந்தச் சேதமும் இன்றி மூடி எழும்.

இயங்கும் உறுப்பை மறைப்பது குற்றமன்று. மறைத்ததைத் திறக்க முடியாதபடி அடைப்பதே குற்றம். படகு கட்டுவோர் கழற்றுவதற்கு எளிதான மூடியை அமைப்பதையும், படகு உடையோர் ஆண்டுக்கு ஒருமுறை, பயணப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, அதைத் திறந்து கழுவிப் பார்ப்பதையும் கடமையாகக் கொள்ள வேண்டும். கரையில் செலவிடும் அந்த ஒரு பகல் உழைப்பு, நடுக்கடலில் இறங்க மறுக்கும் பாயிலிருந்து ஓர் உயிரைக் காக்கும்.