இல்லாதவர்கள் கொடுத்த காணிக்கை

கொடுத்தல் பற்றிய மறையுரைகள் பெரும்பாலும் இருப்பவர்களை நோக்கியே சொல்லப்படுகின்றன. நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்று பழகிய குடும்பங்கள் அவற்றைக் கேட்கும்போது, "இது எங்களுக்கான பேச்சல்ல, நாங்கள் வாங்குகிற பக்கம்" என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் புதிய ஏற்பாட்டில் கொடுத்தலைப் பற்றி மிக விரிவாகப் பேசும் பகுதி செல்வந்தரை முன்மாதிரியாகக் காட்டவில்லை. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம், 9ஆம் அதிகாரங்களையே குறிப்பிடுகிறேன். அங்கே முன்மாதிரியாக நிற்பவர்கள் கொடிய வறுமையில் இருந்தவர்கள்.

பின்னணி இதுதான். கிளவுதியு பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) பஞ்சம் ஏற்பட்டபோது, அந்தியோக்கியாச் சபை பர்னபா, சவுல் ஆகிய இருவர் கையில் யூதேயாவுக்கு உதவி அனுப்பியது. சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி.பி. 55–57 அளவில், எருசலேம் சபையின் ஏழைகளுக்காகப் பவுல் மீண்டும் நிதி திரட்டினார். கொடுக்கவேண்டியவர்கள் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள், பெறுபவர்கள் யூதர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஒரே பந்தியில் இருந்து உண்ணலாமா என்பதே அன்று இரு சாராருக்கும் இடையில் வழக்காக இருந்தது.

மாசிதோனியாவில் பிலிப்பி, தெசலோனிக்கா ஆகிய நகரங்களின் சபைகள் துன்புறுத்தலுக்கும் வறுமைக்கும் உட்பட்டிருந்தன. அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. இந்தப் பணியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்களே மன்றாடிக் கேட்டார்கள் எனப் பவுல் எழுதுகிறார். அவர்களுடைய தாராளத்தைக் குறிக்க அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'ஹப்லோத்தேஸ்'. ஒற்றையாய் இருத்தல், கபடின்மை என்பதே அதன் அடிப்படைப் பொருள். உள்ளே வேறொரு நோக்கத்தை மடித்து வைக்காமல் கொடுப்பது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

மடித்து வைத்துக் கொடுப்பது எப்படியிருக்கும் என்பதற்குக் கொரிந்து நகரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1929இல் அங்கே தோண்டி எடுக்கப்பட்ட லத்தீன் கல்வெட்டு ஒன்று, எரஸ்து என்பவர் தமக்குக் கிடைத்த நகரப் பதவிக்கு ஈடாகச் சொந்தச் செலவில் அந்தக் கல்தளத்தைப் பாவிக் கொடுத்தார் என்று அறிவிக்கிறது. தளம் நல்ல தளம்தான், ஊருக்குப் பயன்பட்டிருக்கும். ஆனால் அது கைமாறு. எங்கள் பகுதிகளில் கிணற்றுக் கட்டிலும் மலசலகூடச் சுவரிலும் பதித்த பெயர்ப்பலகைகளைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அரிசிப் பையைக் கையில் வாங்கியபடி புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லப்பட்ட தாய்மாருக்கும் வேண்டாம்.

இன்னொரு மடிப்பும் உண்டு. கொஞ்சமாக விதைப்பவன் கொஞ்சமாக அறுப்பான் என்ற கருத்தைப் பவுல் இதே பகுதியில் சொல்கிறார். இதை எடுத்துக்கொண்டு, "காணிக்கை போடு, நூறு மடங்காகத் திரும்பும்" என்று ஏழைகளிடம் போதிப்பவர்கள் இருக்கிறார்கள். நகையை அடைவு வைத்துக் காணிக்கை போடச் செய்யும் போதனையை நற்செய்தி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பவுல் சொல்லும் விளைச்சல் என்ன? மறுபடியும் கொடுக்கக்கூடிய நிலையும், கடவுளுக்கு எழும் நன்றியும்தான். விதைநெல்லைக் காத்துவைத்த கமக்காரனுக்கு இது விளங்கும். அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்காத விளைச்சல் அவன் கணக்கில் முழு விளைச்சல் அல்ல.

இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் கதையையும் அவதானமாக வாசிக்கவேண்டும். மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னர்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அவர் புகழ்ந்தது அந்தப் பெண்ணை. அவளுடைய கடைசிக் காசையும் ஏற்றுக்கொண்ட அமைப்பை அல்ல.

பவுல் இந்த விடயத்தில் கவனமாகவே இருந்தார். ஒருவரிடம் உள்ளதைப் பொறுத்தே காணிக்கை ஏற்கப்படும், இல்லாததைப் பொறுத்து அல்ல என்கிறார். மற்றவரின் பாரத்தைக் குறைக்க நீங்கள் நொடிந்து போகவேண்டியதில்லை, சமநிலை வேண்டும் என்கிறார். இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவுக்கு, நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறைவுக்கு. பாலைநிலத்தில் மன்னாவைச் சேர்த்தவர்களை இதற்கு உதாரணம் காட்டுகிறார். அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை.

அப்படியானால் கொடுக்கத் தூண்டுவது எது? பவுலின் விடை சுருக்கமானது. செல்வராயிருந்த கிறிஸ்து நமக்காக ஏழையானார். கடவுளின் அருளுக்கும் இந்தக் காணிக்கைக்கும் அவர் 'காரிஸ்' என்ற ஒரே சொல்லையே பயன்படுத்துகிறார். பெற்றதுதான் கைமாறிப் போகிறது. மாசிதோனியர் முதலில் தங்களையே கொடுத்தார்கள் என்பதும் அவர் குறிப்பு. (கொரிந்தியர் ஓராண்டாக இழுத்தடித்ததால், அவர்களுடைய வெட்கத்தையும் கொஞ்சம் கிளறிவிடுகிறார். திருத்தூதரும் நிதி திரட்டியவர்தானே!)

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அங்கிருந்த குடும்பங்கள் விறாந்தையையும் மாட்டுக்கொட்டிலையும் ஒழித்துக் கொடுத்தன. கிணற்றடியில் சச்சரவே வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இடம் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே இடம்பெயர நேர்ந்தது. அப்போது இடம் கொடுத்தவர்களில் 1995இல் திண்ணையில் படுத்தவர்களும் இருந்தார்கள். பவுல் சொன்ன சமநிலையை நாங்கள் அகராதி பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கமும் இதற்கு அந்நியமல்ல. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் இயன்றதைச் சேர்த்துவைக்கவேண்டும் என்பதே கொரிந்தியருக்குப் பவுல் சொன்ன முறை. கணக்கு விடயத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். பணத்தைத் தனியாகத் தொடவில்லை. தீத்துவுடன் இருவரை அனுப்பினார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிவு செய்தவர். யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணமும் எழுதினார். எங்கள் சங்கங்களின் பொருளாளர்கள் இந்த வசனங்களை ஒருமுறை வாசித்தால் நல்லது.

பெறுபவர்களைப் பற்றியும் பவுலுக்குக் கவலை இருந்தது. புறப்படுமுன் உரோமையருக்கு எழுதுகையில், தாம் கொண்டுபோகும் உதவி எருசலேம் இறைமக்களுக்கு ஏற்புடையதாய் இருக்க மன்றாடுங்கள் என்று கேட்கிறார். யூதரல்லாதவரின் பணத்தை வாங்குவது அவர்களுக்கு எளிதாக இருந்திராது. வாங்கினால் அவர்களையும் சகோதரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எருசலேம் சென்ற சில நாட்களில் பவுல் கோவிலில் பிடிபட்டார். தம் இனத்தவருக்கு உதவி கொண்டுவந்ததாக ஆளுநன் முன்னிலையில் அவர் ஒரு வரி சொல்கிறார். அந்தக் காணிக்கையை எருசலேமில் எப்படி வாங்கினார்கள் என்பதைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு சொல்லும் இல்லை.