வேடிக்கை பார்க்கலாமா?

நாகூரில் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. தர்கா பக்கத்துத் தெருக்களில் பையன்கள் கும்பல் கும்பலாக வருகிறார்கள். ஒருவன் மட்டும் பின்தங்கிச் சுவரோரமாக நடக்கிறான். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்து, ஒரு பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கப் பார்க்கிறான். முடியவில்லை.

எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான் இது. மறுநாள் காலையில் அந்தப் பையன், "வயிற்றை வலிக்கிறது, பள்ளிக்கூடம் போகவில்லை" என்பான். உம்மாவானாலும் அம்மாவானாலும் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். வலி வயிற்றில் இல்லையே!

கேலி எது? கொடுமை எது?

நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது உண்டு. இன்று இவன் சொல்வான். நாளை அவன் திருப்பிச் சொல்வான். அது விளையாட்டு. ஆனால் ஒரே பிள்ளையை நாள்தோறும் சீண்டுவது, அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தே சீண்டுவது, விளையாட்டு அல்ல. உடல் பலமோ, பணமோ, சாதியோ, ஆள் பலமோ ஒரு பக்கத்தில் இருக்கும். நார்வே நாட்டில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த பேராசிரியர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். நோகடிக்கும் எண்ணம் இருக்கும். திரும்பத் திரும்ப நடக்கும். இருவர் பலமும் சமமாக இராது.

சிதம்பரத்தில் நடந்தது

நாகூரிலிருந்து வடக்கே காரைக்கால், சீர்காழி தாண்டினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதலாண்டு படித்தவர் நாவரசு. 1996 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். கொன்றவர் மூத்த மாணவர். 'ராகிங்'கில் தொடங்கியது கொலையில் முடிந்தது! வழக்கு நீண்டது. 2001-ல் உயர் நீதிமன்றம் அந்த மாணவரை விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

நாவரசு கொலையைக் கேட்டுத் தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை. 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கல்லூரித் தலைவர் பேசாமல் இருந்தால், அவரும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது அந்தச் சட்டம். சரியான நியாயம்தான். பள்ளிக்கூட வாசலில் கைகட்டி நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பத்து வினாடி போதும்

கனடாவில் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் பழகுவதைக் காமிராவில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2001-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்கள் குறுக்கிட்டதோ 19-ல்தான். குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 வினாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது!

இதற்காகச் சண்டை போட வேண்டாம். "வாடா, போகலாம்" என்று அவன் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். அதற்கும் துணிவு வரவில்லையா? ஓடிப்போய் ஆசிரியரிடம் சொல்லலாம். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது கோள் ஆகாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நீயும் இரண்டு கொடுத்துவிட்டு வா!" பல தகப்பனார்கள் சொல்லும் யோசனை இது. கொடுக்க முடிந்தால் பிள்ளை ஏன் அழுதுகொண்டு வருகிறான்? "கண்டுகொள்ளாதே" என்பதும் உதவாது. அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்றைக்கு, எங்கே, யார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆசிரியரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். சீண்டியவன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டால், மறுநாள் அதுவும் உங்கள் பிள்ளை தலையில்தான் விடியும். பள்ளியில் கேட்பார் இல்லையென்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

சரி, ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டு, "சீண்டுகிறவன் உங்கள் பையன்தான்" என்றால்? "என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்ல" என்றுதான் வாயில் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அவன் என்ன செய்தான் என்று முழுவதும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிரம்பை எடுக்காதீர்கள். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் பிரம்பு அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார வைத்து, "அந்தப் பையனிடம் நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் காத்திருங்கள்.