ஆளாதலும் பிடிபடுதலும்: ஓநாய்ப் பெண்ணும் பழவேற்காட்டுப் பெண்ணும்

வயதுக்கு வந்த பெண்ணை 'ஆளாயிட்டா' என்கிறோம். 'பெரிய மனுஷி ஆயிட்டா' என்பதும் உண்டு. இரண்டிலும் இருப்பது 'ஆதல்' என்னும் வினை. ஆனால் அன்றிலிருந்தே வேறொரு வினையும் அவளைத் தொடர்கிறது: 'பிடித்தல்'. "உச்சி வெயில்ல தனியா போவாத, காத்து கருப்பு புடிச்சிக்கும்." ஆதலில் அவள் எழுவாய், பிடித்தலில் வெறும் செயப்படுபொருள். இவ்விரு வினைகளுக்கும் நடுவே நடக்கும் இழுபறியாகத் திகில் படங்களை வாசித்துப் பார்க்கலாம்.

1941இல் வந்த 'த உல்ஃப் மேன்' தொட்டு, ஹாலிவுட்டின் ஓநாய்மனிதன் பெரும்பாலும் ஆண்தான். கனடாவில் ஜான் ஃபாசெட் இயக்கிய 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' (2000) இதைத் திருப்பிப் போட்டது. பதினாறு வயது ஜிஞ்சருக்கு முதல் உதிரம் வந்த இரவில், அந்த வாடைக்கு வந்த மிருகம் அவளைக் கடிக்கிறது. பிறகு உடம்பில் முடி முளைக்கிறது. கோபமும் வேட்கையும் கட்டுமீறுகின்றன. பள்ளிச் செவிலியோ இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்கிறாள். ஓநாயாவதற்கும் பெண்ணாவதற்கும் ஒரே அறிகுறிகள்; உருவகம் நிற்பது இந்த இடத்தில்தான். பெண்ணுடலின் மீது சமூகம் கொள்ளும் அருவருப்பிலிருந்தே திகில் படம் தன் அரக்கியை உண்டாக்குகிறது என்று பார்பரா கிரீட் 1993இல், ஜூலியா கிறிஸ்தெவாவை அடியொற்றி எழுதினார். ஜிஞ்சர் கடைசியில் தங்கை கையிலிருக்கும் கத்தியால் சாகிறாள். என்றாலும் சாகும்வரை அவள் எழுவாய்.

தமிழ்ப் படங்களில் ஓநாயாகும் பெண் அரிது. நமக்கு வாய்த்தது பேய். 'சந்திரமுகி' (2005) அதை மனநோய் என்று பெயர் மாற்றிச் சொல்கிறது. முடிவு மட்டும் மாறவில்லை: வந்ததை விரட்டு, பெண்டாட்டியைப் புருஷனிடம் ஒப்படை. இது சினிமா கண்டுபிடித்த முடிவல்ல. தென்னார்க்காட்டில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 1997இல் எழுதிய கட்டுரை இதையே சொல்கிறது. பிடிக்கிற பேய் பெரும்பாலும் காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்ட ஆண். பிடிபடுகிறவள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவள். அவள் உச்சி மயிரை வெட்டி மரத்தில் ஆணியடிப்பதோடு காதலன் போகிறான், மனைவி மிஞ்சுகிறாள்.

இப்போது பழவேற்காடு ஏரிக்கு வருவோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் நெடுங்காலமாக 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு. இறால் படும் இடங்களைச் சீட்டுப்போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. வளத்தைப் பொதுவாகக் காக்கும் முன்மாதிரி என்று ஆய்வாளர்கள் பலர் இதைப் பேசியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தப் பாட்டுரிமை ஆண்வழியாகவே போகிறது. பையன் ஆளானால் ஏரியில் அவனுக்கொரு முறை காத்திருக்கிறது. பெண் ஆளானால் அவளுக்குக் கிடைப்பது குச்சும் மஞ்சத்தண்ணியும். கூடவே, கடலோரக் குப்பங்களில் பரவலாகக் கேட்கும் அந்த வாக்கியமும்: "தீட்டோட தோணியத் தொடாத, வலைய மிதிக்காத." பிடித்த மீனைக் கூடையில் சுமந்து விற்கப்போகிறவளும் அவள்தான். சொல்லளவில் ஆள், ஊர்க்கணக்கில் ஆளில்லை. கணக்கில் வராத இந்த ஆள் எங்கே பேசுவாள்? தலைவிரித்து ஆடும்போது அவள் வாயிலிருந்து வருகிற பேச்சை மட்டும் ஊரே நின்று கேட்கிறது. அதையும் பேயின் கணக்கில்தான் எழுதுகிறோம்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வலிப்பு வந்த பெண்ணை, மனம் நொந்த பெண்ணை எல்லாம் கலகக்காரி என்று கோட்பாடு கொண்டாடினால், அதுவும் ஒருவகைப் பிடித்தலே. அவளுக்கு மருத்துவர் தேவைப்படலாம்.

இதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள், பெண்களும் சேர்த்து. அவர்களுக்குப் பாடு கிடையாது. அவர்கள் தெய்வம் கன்னியம்மன். மாசிப் பௌர்ணமிக்குப் பல ஊர் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி அவளைக் கும்பிடுகிறார்கள். ஓநாய்ப் படத்தில் கதவைச் சாத்தவைக்கும் அதே முழுநிலவு இங்கே திருவிழா. இங்கே கன்னி விரட்டப்படுகிறவள் அல்ல, அழைக்கப்படுகிறவள். ஆனால் தெய்வமான கன்னிக்குக் கிடைப்பது வீட்டுக் கன்னிக்கும் கிடைக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

மலேசிய இயக்குநர் அமாண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' (2023) இவ்விரு வினைகளையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. தோழிகளில் முதலில் வயதுக்கு வந்த பன்னிரண்டு வயது ஸஃபான் கொஞ்சம் கொஞ்சமாகப் புலியாகிறாள். சுற்றியிருப்பவர்களோ அவளைப் பேய் பிடித்ததாகச் சொல்லி, பேயோட்டியை அழைத்து வருகிறார்கள். அவள் ஆகிறாள், அவர்கள் பிடிபட்டவள் என்கிறார்கள். கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்ற இப்படம் சொந்த நாட்டில் வெட்டப்பட்டே திரைக்கு வந்தது. அந்த வடிவம் தன்னுடையதல்ல என்றார் இயக்குநர்.

பழவேற்காட்டுப் பெண் புலியாகவோ ஓநாயாகவோ ஆக வேண்டியதில்லை. 'ஆளாயிட்டா' என்று நாமே சொன்னோமே, அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். சீட்டுப் போடும்போது அவள் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதவேண்டியிருக்கும்.