அடியிலிருந்து வரும் சிவப்பு

பழைய ஐரோப்பியத் தைலவண்ண ஓவியங்களில் வரும் சிவப்பு அங்கிகளைப் பாருங்கள். துணியின் மடிப்புக்குள் விளக்கேற்றி வைத்ததுபோல் இருக்கும். அதே சிவப்பை எவ்வளவு தடிமனாகப் பூசினாலும் அந்தப் பொலிவு வராது. ஒளி ஊடுருவும் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிட வேண்டும். ஓவியர்கள் இதை 'கிளேஸிங்' என்கிறார்கள்.

எல்லா நிறமியும் இதற்கு ஒத்துவராது. ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.48, ஈய வெள்ளைக்கு அது 2. இடைவெளி இவ்வளவு இருப்பதால் ஈய வெள்ளையில் விழும் ஒளி சிதறித் திரும்பிவிடுகிறது, அடியில் உள்ளது மறைகிறது. வேர்களிலிருந்தும் அரக்கிலிருந்தும் எடுத்த சாயத்தைப் படிகாரத்தின் உதவியால் வீழ்படிவாக்கிச் செய்த 'லேக்' நிறமிகளோ எண்ணெயோடு ஏறக்குறைய ஒன்றிவிடுகின்றன. ஒளி அவற்றைத் துளைத்துக்கொண்டு போய், அடியிலுள்ள வெளிர் பூச்சில் பட்டு, மீண்டும் அதே நிறத்தின் வழியாகவே வெளியே வருகிறது. இருமுறை வடிபட்டு வருவதால்தான் அந்த ஆழம். அன்று ஐரோப்பிய ஓவியர்களின் சிவப்புக்குப் போன அரக்கில் இந்தியாவிலிருந்து கப்பலேறியதும் உண்டு.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் யான் வான் ஐக்கின் 1434ஆம் ஆண்டு 'அர்னால்ஃபினி' ஓவியத்தில் வரும் பெண்ணின் பச்சை அங்கியைக் கவனியுங்கள். மடிப்பின் முகடுகளில் அடியிலுள்ள வெளிர்பச்சை தெரியும். பள்ளங்களில் செம்பிலிருந்து செய்த பச்சையின் படலம் தடித்துக்கொண்டே போகும். கறுப்பைக் கலந்து பெற்ற நிழலில் இந்தச் செழுமை இருக்காது.

பொறுமைதான் இதற்கு முதல் மூலதனம். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஒரு படலம் காயவே நாட்கணக்கில் ஆகும். மேல் படலத்தைவிட அடிப் படலத்தில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விடும்.

படலங்களின் மென்மையே கிளேஸிங்குக்கு ஆபத்தும்கூட. ஹேக் நகரின் மவுரிட்சுய்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' (சுமார் 1665) படத்தின் பின்புலம் இன்று வெறும் இருட்டு. அவர் தீட்டியதோ பச்சைத் திரை. கறுப்புப் பூச்சின்மேல் அவுரி நீலமும் ஒரு தாவர மஞ்சளும் சேர்ந்த படலம் இட்டிருந்தார். வெளிச்சம் பட்டுப்பட்டு இரண்டுமே சிதைந்துவிட்டன. 2018இல் நடந்த பரிசோதனையில்தான் திரையின் மடிப்புகள் தென்பட்டன. அதை வெர்மீர் வைத்த நிறத்தில் நம்மால் பார்க்க முடியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்று கிளேஸிங் பழகுபவர்கள் சாய வேர்களை நம்பி இருப்பதில்லை. வெளிச்சத்துக்கு எளிதில் மங்காத குவினாக்ரிடோன் சிவப்பும் தாலோ பச்சையும் குழாய்களிலேயே கிடைக்கின்றன. ஆல்கிட் என்னும் செயற்கைப் பிசின் கலவை சேர்த்தால் மெல்லிய படலம் ஒரே நாளில் காய்ந்துவிடும்.