'அஸருக்குப் பின்': நமது பாட்காஸ்ட் உருவாகும் விதம்



நமது அறக்கட்டளை ஒரு பாட்காஸ்ட் தொடங்கப் போவதாகக் கடந்த பொதுக்குழுவில் அறிவித்தோம். அன்றிலிருந்து தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலேயே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. "அது ரேடியோவா?" "இசை போடுவீர்களா?" "நம் வீட்டுப் பெண்கள் பேசுவார்களா?" "அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டலாமே?" எல்லாமே நியாயமான கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, என்ன செய்கிறோம், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று இங்கே விளக்கிவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஜகாத் நிதியிலோ கல்வி உதவி நிதியிலோ ஒரு ரூபாயும் எடுக்கப்படவில்லை. சட்டையில் மாட்டும் இரண்டு சிறிய மைக்குகள் மட்டுமே வாங்கினோம். அதற்கான தொகையை நிர்வாகக் குழுவினர் தம் கையிலிருந்து கொடுத்தார்கள். பதிவு செய்வது கைபேசியில். வெட்டி ஒட்டும் வேலைக்கு 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் போதும்.

பாட்காஸ்ட் என்பது என்ன?

வானொலியில் நிகழ்ச்சி வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். பாட்காஸ்டில் நிகழ்ச்சி நமக்காகக் காத்திருக்கும். ஒலிக்கோப்பாக இணையத்தில் இருக்கும் அதை வேண்டும்போது கேட்கலாம், நிறுத்தலாம், மறுபடி கேட்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து, பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 2004 பிப்ரவரியில் லண்டன் 'கார்டியன்' நாளிதழில் இந்தச் சொல்லை எழுதினார்.

2004இல்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் சமுதாய வானொலி தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த உரிமம் கிடைத்தது. 2006இல் விதி தளர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. ஆனால் வானொலி என்றால் உரிமம், கோபுரம், ஒலிபரப்புக் கருவி எல்லாம் வேண்டும். நம்மைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கு அது எட்டாது. பாட்காஸ்டுக்கு ஒலிபரப்பு உரிமமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

ஏன் தொடங்கினோம்?

நம் ஜமாஅத்தில் மூத்த பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லத் தேவையில்லை, பலருக்கும் தெரியும். மையவாடிக்குப் பக்கத்தில் முன்பு இருந்த கிணறு, வறட்சிக் காலத்தில் எல்லாச் சமூகத்தாரும் அதில் நீர் இறைத்தது, எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது இங்கே வந்தது என்று எல்லாம் அவர் நினைவில் இருந்தன. சென்ற ஆண்டு அவரை மதரஸாக் கூடத்தில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தோம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரை வழுவழுப்பான கல், சுவரில் ஒரு துணிகூட இல்லை. கைபேசியை மேசை மீது, அவருக்கு நான்கு அடி தள்ளி வைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் விசிறிச் சத்தம்தான் முன்னே கேட்கிறது. அவர் குரல் எதிரொலிக்குள் கரைந்து எங்கோ கேட்கிறது. "அடுத்த வாரம் மறுபடி வருகிறோம் அத்தா" என்றோம். "வாங்க, எங்கே போயிடப் போறேன்" என்றார். அந்த வாரத்துக்குள் அவர் வஃபாத்தாகிவிட்டார். அந்த நாற்பது நிமிடத்தில் தெளிவாக மீட்க முடிந்தது மூன்று நிமிடம்தான். கிணற்றைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

தவறு எங்களுடையது. அது மறுபடி நிகழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு தொடங்குகிறோம்.

முதல் வேலை: கரு

மைக் வாங்குவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: யாருக்காக, யார், எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? அது ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் கரு இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

எங்கள் முதல் பட்டியலில் பயான், கல்வி உதவித்தொகை அறிவிப்பு, மருத்துவக் குறிப்பு, சிறுவர் கதை எல்லாமே இருந்தன. பயான்களுக்கு இணையத்தில் குறைவில்லை. அறிவிப்புக்கு இந்த மடலும் வாட்ஸ்அப் குழுவும் போதும். நம்மால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று கேட்டபோது ஒன்றுதான் மிஞ்சியது: இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களின் வாய்மொழி நினைவு. அதை வேறு ஊர்க்காரர் யாரும் வந்து பதிவு செய்யப் போவதில்லை.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. இன்று தெலங்கானாவில் உள்ள மாச்னூர் கிராமத்தில் 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. அதை நடத்துபவர்கள் தலித் பெண்கள். பாரம்பரிய விதை, சிறுதானியச் சமையல், வயல் பாட்டு என்று தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசினார்கள். நகரத்து வானொலியைப் போலப் பேச முயலவில்லை. நாமும் மேடைத் தமிழ் பேச வேண்டியதில்லை. அத்தாவும் நன்னியும் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசட்டும்.

அடுத்தது பெயர். லண்டன் பிபிசி 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புக்கு 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத் தமிழரான சோ. சிவபாதசுந்தரம். பிற்பாடு 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலையும் எழுதியவர். அந்தப் பெயரைப் பாருங்கள். சிறியது, வாயில் எளிதில் வருவது, என்ன கேட்கப் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறது. சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்ற பிறகும் பெயர் மறக்கவில்லை.

நாங்கள் தேர்ந்த பெயர் 'அஸருக்குப் பின்'. அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். ரமலானில் பிள்ளைகள் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்பதும் அந்த நேரம்தான். அந்த வரிசையில் நம் பிள்ளைகள் மட்டும் நிற்பதில்லை, பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் நிற்பார்கள். நிகழ்ச்சியும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு பகுதி இருபது நிமிடம். மாதம் இரண்டு.

இரண்டாவது: ஒலி

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்ன நிகழ்ச்சி என்று தெரிய வேண்டும். அகில இந்திய வானொலியின் காலை முகப்பிசையை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். தம்புரா ஒலியின் மீது வயலின் எழுந்து வரும் அந்தச் சில நொடிகளை 1930களில் அமைத்தவர் வால்டர் காஃப்மன். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி பம்பாயில் தஞ்சம் புகுந்த யூத இசைஞர். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது 'வணக்கம்' சொன்னாலே டீக்கடையில் பேச்சு நிற்கும். நாகூர் இ.எம். ஹனிபாவின் குரலுக்கு அறிவிப்பாளரே தேவைப்பட்டதில்லை. ஒலியின் அடையாளம் என்பது இதுதான்.

நமக்கு எந்த ஒலி? இங்குதான் குழுவில் கருத்து வேறுபாடு வந்தது. இசைக் கருவிகள் குறித்து உலமாக்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. ஸஹர் நேரத்தில் பக்கீர்கள் அடித்து எழுப்பும் தாயிரா ஒலியை வைக்கலாம் என்றார் ஒருவர். அதுவும் வேண்டாம் என்றார் இன்னொருவர். பாங்கோசையை வைக்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். தொழுகைக்கான அழைப்பை நிகழ்ச்சியின் முகப்பொலியாக்குவது முறையல்ல என்று மறுத்தோம். குர்ஆன் ஓதுதலைப் பேச்சுக்குப் பின்னணியாக ஓடவிடுவதும், பாதியில் குறைத்து வெட்டுவதும் கூடாது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம்.

வழி காட்டியவர் கஞ்சி காய்ச்சும் பெரியவர். கஞ்சி பதமானதும் அகப்பையைத் தேக்சாவின் விளிம்பில் இரண்டு முறை தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் விளையாடும் பிள்ளைகள் தூக்குவாளியைத் தேடி ஓடும். அதையே பதிவு செய்தோம். இரண்டு தட்டு, பிள்ளைகள் ஓடும் காலடி, பிறகு "அஸருக்குப் பின்" என்று ஒரு குரல். மொத்தம் எட்டு நொடி. ஆட்சேபம் சொல்ல யாருக்கும் இடமில்லை. வேறு எந்த நிகழ்ச்சியிலும் இந்த ஒலி இருக்காது. பிறருடைய பாட்டை எடுத்துப் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். அந்தக் கவலையும் இதில் இல்லை.

பேச்சைப் பதிவு செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம்.

கூடத்தை விட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சிறிய அறை சிறந்தது. துணி எதிரொலியைக் குடிக்கும். ஜமுக்காளம் விரித்து, சன்னலில் போர்வை தொங்கவிட்டால் இன்னும் நல்லது. விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் நடுவில் அழைப்பு வராது. பேச்சு தொடங்குமுன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு எங்காவது வெட்டினால் அந்த இடத்தில் ஒட்டுப்போட இது உதவும்.

முடிந்த கோப்பின் ஒலியளவும் முக்கியம். மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவை ஆப்பிள் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த அளவில் வைத்தால் ஒரு பகுதி கத்தலாகவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் இருக்காது. இருபது நிமிடப் பேச்சை 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒற்றைத் தடமாகச் சேமித்தால் பத்து எம்.பி.க்குள் அடங்கிவிடும். செயலி திறக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம்.

மூன்றாவது: அட்டைப்படம்

காதால் கேட்பதற்கு எதற்குப் படம் என்று கேட்டார்கள். செயலியில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் வரிசையாக நிற்கும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆப்பிள் கேட்கும் அளவு, குறைந்தது 1400க்கு 1400, அதிகபட்சம் 3000க்கு 3000 பிக்சல் கொண்ட சதுரம். ஆனால் கைபேசியில் தெரிவதோ தபால்தலை அளவு. ஆகவே பெரிதாக வரைந்து, சிறிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வரைவில் பச்சைப் பின்னணி, மினாரா, பிறை எல்லாம் இருந்தன. சிறிதாக்கியதும் திருமண அழைப்பிதழ் போலத் தெரிந்தது. இரண்டாவது வரைவில் காளை. அலங்காநல்லூர் என்றாலே உலகம் வாடிவாசலைத்தான் நினைக்கிறது. நமக்கும் அதில் பெருமைதான். ஆனால் காளையைப் பார்த்து ஜல்லிக்கட்டு வர்ணனை என்று நினைத்து வருபவர் ஏமாந்து போவார். உள்ளே இல்லாததை அட்டை சொல்லக் கூடாது.

மூன்றாவதுதான் நிலைத்தது. மாலை வெயிலின் மஞ்சள் நிறத் தரை, அதில் ஒரு தூக்குவாளி, பக்கத்தில் அதன் நீண்ட நிழல். அஸர் நேரத்தை நிழலைப் பார்த்து அறிவது நம் மரபு என்பதால் பெயருக்கும் படத்துக்கும் பொருத்தம் தானாகவே அமைந்தது. முகம் எதுவும் இல்லை. எழுத்தில் ஒரு பாடம் கற்றோம். மெல்லிய எழுத்துருவில் 'க்', 'ப்', 'ன்' ஆகியவற்றின் புள்ளிகள் சிறிய அளவில் மறைந்துவிடுகின்றன. 'பின்' என்பது 'பின' ஆகிவிட்டது. அதனால் 'பாலூ தம்பி' என்ற தடித்த எழுத்துருவுக்கு மாறினோம். அது இலவசமாகவே கிடைக்கிறது.

குரல் ஓர் அமானிதம்

பெண்கள் பேசுவார்களா என்ற கேள்விக்கு இப்போது வருகிறோம். விரும்புகிறவர்கள் பேசுவார்கள். தாலாட்டும் பத்தியச் சமையலும் பிரசவ வைத்தியமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டால் பாதி ஊரை விட்டுவிட்டதாக ஆகும். பெண்களைப் பெண்களே அவரவர் வீட்டில் பதிவு செய்வார்கள். புகைப்படம் எடுக்கப்படாது. பெயர் வேண்டாம் என்றால் சொல்லப்படாது.

ஒருமுறை ஒரு சகோதரி பேச்சு வேகத்தில் தம் புகுந்த வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்லிவிட்டார். அப்போது சிரித்தார், மறுநாள் அழைத்து அழுதார். அந்தப் பகுதியை அழித்துவிட்டோம். அன்றிலிருந்து ஒரு விதி: வெட்டி முடித்த பதிவைப் பேசியவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். இணையத்தில் ஏறி வாட்ஸ்அப்பில் பரவிய குரலைத் திரும்ப அழைக்க முடியாது.

இன்னொரு விதியை ஹதீஸ் கலையிலிருந்து எடுத்துக்கொண்டோம். சொல்லப்பட்ட செய்தியை மட்டுமல்ல, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற சங்கிலியையும் நம் முன்னோர்கள் ஆராய்ந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பேச்சாளரிடமும் "இது நீங்கள் பார்த்ததா, கேட்டதா, யாரிடம் கேட்டீர்கள்?" என்று கேட்டு, பதிலையும் சேர்த்தே வெளியிடுவோம். நிலம், எல்லை, குடும்பத் தகராறு பற்றி ஒருதரப்புப் பேச்சு வெளிவராது.

உங்களிடம் கேட்பது

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, "அந்தக் காலத்தில் நம் தெரு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பதிவை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும். பழைய கிணற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் யாராவது இருந்தால், அவசியம் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், முதல் பகுதி ரமலான் முதல் வாரத்தில் வெளியாகும். அதில் முதலில் ஒலிப்பது அந்தப் பெரியவரின் மூன்று நிமிடம். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.

— செயலாளர்