வலையோடு வரும் பேன்

ஆந்திர மீன் குளங்களில் பூச்சிமருந்துக்குப் பஞ்சமில்லை. வலையைக் காயவைக்கத்தான் நேரம் இல்லை.

விடியும் முன்பே வலை இறங்கிவிடுகிறது. கொல்லேறு ஏரியை ஒட்டிய கைகலூரு, ஆகிவீடு வட்டாரங்களில் அறுவடை நாளின் வழக்கம் இது. நெஞ்சளவு நீரில் வரிசையாக நிற்கும் ஆட்கள் இழுவலையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்துப்போகிறார்கள். வலை சுருங்கச் சுருங்க ரோகுவும் கட்லாவும் துள்ளுகின்றன. வெயில் ஏறுவதற்குள் எடைபோட்டு, ஐஸ் தூவிப் பெட்டிகளில் அடுக்கி, லாரியில் ஏற்றியாக வேண்டும். போக வேண்டிய தூரம் கொஞ்சமல்ல. கொல்கத்தா, அதையும் தாண்டி அசாம். லாரி கிளம்பியதும் வலையைச் சுருட்டுகிறார்கள். சேறும் பாசியும் சொட்டச் சொட்ட அது வண்டியில் ஏறுகிறது. மறுநாள் வேறொரு குளம்.

அந்த ஈரத்தில்தான் விவகாரமே இருக்கிறது.

தெலுங்கில் இதை 'சேப்ப பேனு' என்கிறார்கள். தமிழருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத பெயர். மீன் பேன். விஞ்ஞானப் பெயர் ஆர்குலஸ். பேன் என்று சொன்னாலும் இது பூச்சி இனமல்ல. இறால், நண்டுக்குத் தூரத்து உறவு. சில மில்லிமீட்டர் அகலம், தட்டையான உடல், கண்ணாடி போன்ற நிறம். மீனின் செதிலோடு ஒட்டிக் கிடந்தால் பழகாத கண்ணுக்குத் தெரியாது. அடிப்பக்கம் இரண்டு உறிஞ்சு குழிகள். அவற்றால் பிடித்துக்கொண்டு ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்துகிறது. குத்திய இடம் சிவக்கிறது, புண்ணாகிறது, பாக்டீரியாவுக்கு வாசல் திறந்துவிடுகிறது. அரிப்புத் தாங்காத மீன் கண்ட இடத்தில் உடம்பைத் தேய்க்கிறது. தீனி குறைகிறது, எடை ஏற மறுக்கிறது. நம் நாட்டுக் கெண்டை வகைகளில் அதிகம் அவதிப்படுவது ரோகு. ஆந்திரக் குளங்களில் அதிகம் வளர்வதும் ரோகுதான்.

இழப்பு எவ்வளவு? 2013இல் வெளியான இந்திய விஞ்ஞானிகளின் கணக்கீடு ஒன்று, பேன் பிடித்த குளத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 29,500 ரூபாய் என்றது. சொந்த நிலமும் கையிருப்பும் உள்ளவர் இதைத் தாங்கிக்கொள்வார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தவிட்டையும் பிண்ணாக்கையும் கடனில் வாங்கிப் போட்டவருக்கு அந்த ஆண்டின் லாபமே அதுவாக இருக்கலாம்.

பேன் வந்தபின் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று வயலுக்கு அடிக்கும் மருந்தின் பெயர்களே குளத்துக்கரையிலும் புழங்குகின்றன. தீனியில் ஐவர்மெக்டின் கலப்பதும் உண்டு. மருந்து பேனைக் கொல்கிறது. அளவு தப்பினால் மீனையும், மீன் உண்ணும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்கிறது. முட்டையை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரிந்ததும் மறுபடி மருந்துக்கடை.

முட்டையிடும் பழக்கத்தில்தான் பேன் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பெண் பேன் மீன்மேல் முட்டையிடுவதில்லை. மீனை விட்டு இறங்கி நீந்திப்போய், கல், மூங்கில், பலகை என்று கெட்டியான ஏதாவதொன்றில் பசைபோல ஒட்டி வரிசை வரிசையாக இடுகிறது. ஆந்திரக் குளங்களில் அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே தீனியைத் தூவுவதில்லை. துளையிட்ட பைகளில் அடைத்து, குளத்தில் நட்ட கழிகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன் துளையில் வாய்வைத்து உறிஞ்சிக்கொள்ளும். சிக்கனமான, சாமர்த்தியமான முறை. ஆனால் அந்தக் கழிகளே பேனுக்குப் பிரசவ அறை. ஒரு குளத்தில் பிடுங்கிய கழியை ஈரத்தோடு அடுத்த குளத்தில் நட்டால், முட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். தீனிப் பை கட்டப் போகும் படகின் அடிப்பலகையும் இதே கணக்கில் சேரும். வலையின் கதை கொஞ்சம் வேறு. அறுவடையின்போது மீன்மேலிருந்து உதிரும் பேன், நீர் தேங்கிய மடிப்பிலோ பாசிக்கொத்திலோ ஒண்டிக்கொள்கிறது. வாகான மீன் கிடைக்காவிட்டாலும் தண்ணீரில் சில நாள் உயிரோடிருக்கும் பிராணி அது. வலை காயாமல் அடுத்த குளத்தில் இறங்கினால் போதும்.

பழியை முழுக்க வலைமேல் போடுவதும் நியாயமில்லை. பேன் ஊர்விட்டு ஊர் போக முதல் வாகனம் மீனேதான். ஆந்திரப் பண்ணையாளர்கள் குஞ்சுகளை நெருக்கமாக வைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்தி, ஓராண்டு போல ஆனபின் பெரிய குளத்துக்கு மாற்றுகிறார்கள். அப்படி மாறும் மீனோடு பேனும் மாறுகிறது. கால்வாய்த் தண்ணீர் இன்னொரு வழி. ஒருவர் வெளியேற்றும் நீர் பக்கத்துக்காரரின் குளத்துக்குள் போகிறது. ஆனாலும் புது மீனை வாங்குமுன் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவரும், மடையில் நெருக்கமான வலைத்துணி கட்டுபவரும் வாடகை வலையை யோசிக்காமல் உள்ளே விடுகிறார்.

இந்த அலட்சியத்துக்கு நார்வே கொடுத்த விலை உலகப் பிரசித்தம். அங்கே சால்மன் மீனைத் தாக்கும் கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி 1975இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அரை மில்லிமீட்டர் நீளம்தான். ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த மீன்களோடு நுழைந்து ஏறத்தாழ 50 ஆறுகளுக்குப் பரவியது. பல ஆறுகளில் ரோட்டினோன் என்ற விஷத்தைக் கலந்து அத்தனை மீனையும் கொன்றுவிட்டு, பாதுகாத்து வைத்திருந்த இனத்திலிருந்து மீண்டும் குஞ்சு விட்டார்கள். சில ஆறுகளில் ஒருமுறை கொன்றது போதாமல் மறுபடியும் விஷம் கலக்க வேண்டி வந்தது. இப்போது அங்கே ஆற்றங்கரையில் கிருமிநீக்க நிலையங்கள் இருக்கின்றன. தூண்டில், வலை, பூட்ஸ் எல்லாம் மருந்துநீரில் முங்கி எழுந்தபின்தான் ஆற்றுக்குள். ஐஸ்லாந்தும் வெளிநாட்டில் பயன்படுத்திய தூண்டில் சாமான்களைக் கிருமிநீக்கம் செய்யாமல் உள்ளே விடுவதில்லை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர்களிடம் அந்நாடுகள் காட்டும் கண்டிப்பு அது. பிழைப்புக்கு வலை இழுப்பவரிடம் அதையே எதிர்பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தியாவுக்கும் பாடம் இல்லாமலில்லை. 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டிய மீன் புண்நோய் மூன்றே ஆண்டில் கேரளத்தை எட்டியது. அது பூஞ்சை போன்ற கிருமி, பேன் அல்ல. நோய் பரவிய இடங்களில் மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். அந்த நோய்க்கும் நிபுணர்கள் சொன்ன தடுப்பு நடவடிக்கைகளில் வலையைக் கழுவிக் காயவைப்பதும் ஒன்று.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தையல்ல. முதலில் சேறும் பாசியும் செதிலும் போகக் கழுவ வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம், தவறும் இங்கேதான் நடக்கிறது. சேறு இருந்தால் குளோரின் அதனுடனேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். பேனுக்கு மிச்சம் இருக்காது. பிறகு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரானால் 100 லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் போதும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. நைலான் வலையை அடிக்கடி குளோரினில் ஊறவைத்தால் நூல் பலம் இழக்கும் என்பதால் ஊறியபின் நல்ல நீரில் அலசுவது நல்லது. அலசிய நீரைக் குளத்தில் கொட்டினால் மீன் செத்துவிடும். தரையில் தள்ளி ஊற்ற வேண்டும்.

கடைசியாக வெயில். உண்மையில் இதுதான் முதல் மருந்து. முழுக்கக் காய்ந்த வலையில் பேனும் பிழைப்பதில்லை, முட்டையும் பிழைப்பதில்லை. கழிகளுக்கும் இது பொருந்தும். மீன் ஆராய்ச்சியாளர்கள் ஒருபடி மேலே போய், மூங்கில் தட்டிகளைப் பொறியாகவே குளத்தில் இறக்கி, பேன் அதில் முட்டையிட்டதும் எடுத்து வெயிலில் காயப்போடும் உத்தியைச் சொல்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் செலவுகூடக் கிடையாது.

சிக்கல் காசில் இல்லை, நாளில் இருக்கிறது. நீளமான இழுவலை, ஈயக்குண்டும் மிதவையுமாகச் சுருட்டினால் சிறு குன்று. அதை விரித்துப்போட இடம் வேண்டும். அடிமடிப்பு வரை காய ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலில் வலைக்குழு இன்னொரு குளத்தில் இறங்கினால்தான் அன்றைய கூலி. குளத்துக்காரரோ விலை ஏறியிருக்கிறது, லாரி நிற்கிறது என்று அவசரப்படுத்துகிறார். காயும் நாளுக்குக் கூலி கொடுப்பது யார்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் வலைக்காரருக்கு மட்டும் சுத்தத்தைப் போதிப்பது சுலபம். ஒரு ஹெக்டேர் இழப்புக்கும் ஒரு நாள் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், கொடுக்க வேண்டியவர் யார் என்பது புரிகிறது.

இதற்கிடையில் அரசுத் தரப்பில் நடந்ததும் உண்டு. 2013இல் நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது; 2023இல் பண்ணையாளர் செல்போனிலிருந்தே நோயைத் தெரிவிக்க ஒரு செயலி வந்தது. நோய் வந்தபின் சொல்ல வழி பிறந்திருக்கிறது.

வசதியுள்ளவர்களுக்கு ஒரு தீர்வு உண்டு: தம் குளங்களுக்கென்றே தனி வலை வைத்துக்கொண்டு, வரும் குழுவிடம் அதைக் கொடுத்து இழுக்கச் சொல்லலாம். குழுவின் வலை வண்டியிலேயே கிடக்கும். சின்னக் குத்தகைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வலை வாங்குவதும் முடியாத காரியமல்ல. யார் குளத்தில் பேன் இருக்கிறதோ அவர் கடைசியில் இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. மழை மாதங்களில் மட்டும் வெயிலை நம்ப முடியாது. அப்போது கரையில் ஒரு தொட்டியும், மூட்டை பிரிக்காத பிளீச்சிங் பவுடரும் வேண்டும்.